ஆன்டெனா கனெக்டர் கோளாறு: ரிக்கைத் திறப்பதற்கு முன்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஹாம் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்) நண்பர் ஒருவர், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்குப் போன் செய்வார். “ரிக் போயிடுச்சுங்க, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது” என்பார். ரிக் என்றால் பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டி. அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய்ப் பார்த்தால் ரிக் நன்றாகவே இருக்கும். கூரைமேல் உள்ள கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். இல்லையென்றால் மேஜைக்குப் பின்னால் உள்ள பிளக்கின் வளையம் ஒரு சுற்று தளர்ந்திருக்கும். சேலத்து மொட்டை மாடிகளில் கதை வேறு. சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, கேபிளின் மேல்தோல் வெடித்து, முதல் மழையிலேயே உள்ளே ஈரம் போய்விடும்.

இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்ப இதையே பார்த்ததில், எந்த அறிகுறிக்கு முதலில் எங்கே கைவைப்பது என்று ஒரு வரிசை பிடிபட்டுவிட்டது. செலவே இல்லாத சோதனை முதலில், கேபிள் மாற்றுவது பிறகு, ரிக்கைத் திறப்பது கடைசி. இந்த வரிசையை மாற்றி நானே ஒருமுறை ரிக்கை சர்வீசுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து “கோளாறு ஒன்றும் இல்லை” என்ற சீட்டோடு திரும்பி வந்தது. ஒரு மீட்டர் நீளப் பேட்ச் கேபிளில் (சின்ன இணைப்புக் கேபிள்) பற்றவைத்த ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் கோளாறு.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் வகையாக இருந்தால் நல்லது. 50 ஓம் டம்மி லோட் (சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை). எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா பக்கமிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; எண் 1-க்கு அருகில் இருந்தால் நல்லது). நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சின்னப் பேட்ச் கேபிள். அதில் சிவப்பு டேப் சுற்றித் தனியாக வையுங்கள், அன்றாட வேலைக்கு எடுக்காதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ். 80 வாட்டுக்குக் குறையாத சோல்டரிங் அயர்ன். ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் நானோ வி.என்.ஏ. என்ற சின்னக் கருவி இருந்தால் வேலை பாதியாகும், இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

பி.டி.டி. (பேசும் பொத்தான்) அழுத்துவதற்கு முன்

கோளாறு எங்கே என்று தெரியும்வரை முழுப் பவரில் பேசாதீர்கள், 5 வாட் போதும். அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கால்சைன் (உங்கள் உரிமத்தின் அடையாளக் குறி) சொல்லிவிட்டுச் சோதியுங்கள். ஆன்டெனா பக்கம் ஆள் நிற்கும்போது பி.டி.டி. மேல் கை போகக் கூடாது. தூரத்தில் இடி கேட்டாலும் அன்றைக்கு வேலை நிறுத்தம்: கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். சேர்வராயன் மலையில் கோடை இடி எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அறிகுறி: திடீரென்று எதுவுமே கேட்கவில்லை

ரிக்கை 7 மெகாஹெர்ட்ஸில் வைத்து, கேபிளைப் பின்னாலிருந்து கழற்றுங்கள். மாட்டியிருந்தபோது வந்த இரைச்சல் கழற்றியதும் சட்டென்று விழுந்தால், ஆன்டெனாவிலிருந்து ஏதோ வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் கீழே உள்ள “எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கிறது, ஆனால்...” என்ற பகுதிக்குப் போங்கள். கழற்றினாலும் மாட்டினாலும் ஒரே மாதிரி என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

அடுத்து, ஒரு மீட்டர் ஒயரின் நுனியைச் சீவி, ரிக்கின் ஆன்டெனா சாக்கெட்டில் நடு ஓட்டைக்குள் மட்டும் செருகுங்கள். இரவு நேரமாக இருந்தால் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் கொட்டிக் கிடக்கும், சோதனைக்கு அதைவிட நல்ல சிக்னல் கிடையாது. (இந்த ஒயரோடு பி.டி.டி. அழுத்தவே கூடாது.)

*ஒயரில் கேட்கிறது என்றால்* ரிக் பிழைத்தது. பேட்ச் கேபிளை மாற்றிப் பாருங்கள். நடுவில் அடாப்டர் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு பெரிய கேபிள்.

*ஒயரிலும் கேட்கவில்லை என்றால்* பதற வேண்டாம். ஆன்டெனா 1, ஆன்டெனா 2 என்று பொத்தான் இருக்கும் ரிக்குகளில் துடைக்கும்போது அது மாறியிருக்கும். சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டிருக்கிறதா, ஆர்.எஃப். கெயின் (ரிக்கின் உணர்திறன்) குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லையென்றால்தான் ரிக்கின் உள்ளே கோளாறு. கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: கேபிளை அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது

என்னிடம் வருவதில் அதிகம் இதுதான். மூன்று இடங்களை இதே வரிசையில் பாருங்கள்.

*வளையம்.* கேபிள் முனையில் இருக்கும் பி.எல்.259 வகைப் பிளக்கின் உதட்டில் சிறு பற்கள் இருக்கும், ரிக்கின் சாக்கெட் விளிம்பில் அதற்கேற்ற வெட்டுகள் இருக்கும். பல் வெட்டில் உட்காராமலேயே வளையத்தைத் திருகினால் இறுகிய மாதிரிதான் தெரியும். நாலு நாள் கேபிள் ஆடியதும் பல் நழுவி, வளையம் தளர்ந்துவிடும். பிளக்கை இடமும் வலமும் லேசாகத் திருப்பிக்கொண்டே வளையத்தை இறுக்குங்கள். பல் உட்காரும் இடம் விரலுக்கே தெரியும். அப்புறம் கையால் இறுகும் அளவு போதும். குறடு போட்டு இறுக்கினால் ரிக்கின் சாக்கெட் சேர்ந்து சுழன்று, உள்ளே பிடித்திருக்கும் கம்பியை அறுத்துவிடும்.

*ரிக்கின் சாக்கெட்.* நடு ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளவுபட்ட விரல்கள் போல உலோகம் பின்னைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஈயம் மொத்தமாக ஒட்டிய பின்னை யாராவது ஒருமுறை அழுத்திச் செருகியிருந்தால் விரல்கள் விரிந்து நிற்கும், அதன்பின் நல்ல பின்னைக்கூடப் பிடிக்காது. ரிக்கின் பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, கூர்மையான ஊசியால் ஒவ்வொரு விரலையும் உள்நோக்கி ஒரு மயிரிழை நெம்புங்கள். ஒரே தடவையில் நிறைய நெம்பினால் உடைந்துவிடும். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் தேய்த்து, உலர்ந்த பின் மாட்டுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், முலாம் போய்விட்டால் மறுபடி துருவேறும். நாள் கணக்கில் ஒன்றும் மாட்டாமல் திறந்து கிடந்த கனெக்டர் என்றால், உள்ளே குளவி மண்ணைப் பூசி வைத்திருக்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

*ஈயம்.* இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டம்மி லோடைக் கேபிளின் மறுமுனையில் மாட்டுங்கள். இந்த முனையில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முள்ளை நடுப்பின்னிலும் மற்றதை பிளக்கின் உடலிலும் பிடியுங்கள். ஆர்.ஜி.58 என்ற மெல்லிய வகைக் கேபிள் 30 மீட்டர் என்றால் 51, 52 ஓம் வரும். இப்போது வீட்டில் யாரையாவது கூப்பிட்டு எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் இந்தக் கனெக்டரையும், பிறகு அந்தக் கனெக்டரையும் நான்கு பக்கமும் மெதுவாக வளையுங்கள். எங்கே வளைக்கும்போது எண் துள்ளுகிறதோ, வெட்ட வேண்டியது அங்கே.

வெட்டிய பிறகு பழைய பிளக்கையே உருக்கிப் பயன்படுத்த நினைக்காதீர்கள். புதியது வாங்கும்போது நடுவில் வெள்ளை டெஃப்லான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவானதில் சூடு பட்டதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி, பின் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வளையத்தை முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள்; எல்லாம் முடிந்த பிறகு வளையம் மேஜைமேல் கிடப்பதைப் பார்ப்பது எல்லா ஹாமுக்கும் ஒருமுறை நடக்கும். ஆர்.ஜி.58-க்கு ரெட்யூசர் (மெல்லிய கேபிளைப் பிளக்குக்குள் பொருத்தும் இடைக்குழல்) கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் டேப் சுற்றித் தடிமனாக்கி உள்ளே தள்ளிய கேபிள்களைப் பார்த்திருக்கிறேன், எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பிரெய்டு (கேபிளின் மேல்தோலுக்குள் இருக்கும் கம்பி வலை) தெரியும் நான்கு ஓட்டைகளைச் சுற்றி உள்ள நிக்கல் முலாமை அரத்தால் பித்தளை தெரியும்வரை சீவினால் ஈயம் உடனே பிடிக்கும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஈயம் மேலே முத்துப்போல நிற்கும், உள்ளே பிடித்திருக்காது. அதற்குள் கேபிளின் உள் காப்பும் வெந்துவிடும். பெரிய அயர்ன், அகலமான முனை, நல்ல சூடு, சில விநாடிகள். அப்படித்தான் செய்ய வேண்டும். ஆறும்வரை அசைக்கக் கூடாது. ஆறியதும் நடுப்பின்னுக்கும் உடலுக்கும் நடுவே மீட்டர் வைத்து ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகே ஆன்டெனா பக்கம் போங்கள்.

ஏற்காட்டு ஹாம்களுக்கு ஒன்று. டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவை இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே விறைப்பாகக் கட்டினால், காற்றில் மரம் ஆடும்போது அந்த இழுப்பு முழுவதும் நடுவில் உள்ள கனெக்டரில்தான் விழும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பியில் விட்டுக் கல் கட்டித் தொங்கவிடுங்கள். கேபிளின் எடையைக் கனெக்டர் தாங்காதபடி மேலேயே கயிற்றால் கட்டுங்கள். குரங்குகள் கேபிளைப் பிடித்துத் தொங்கும் இடமாக இருந்தால், எட்டும் உயரம்வரை பி.வி.சி. பைப்புக்குள் விடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அறிகுறி: எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென்று ஏறிவிட்டது

நேற்றுவரை 1.3 காட்டியது இன்று 4, 5 என்று நிற்கிறது. உடனே ஆன்டெனாவின் நீளத்தை வெட்டப் போகாதீர்கள். ஆன்டெனா ஒரே இரவில் நீளாது.

ரிக்கிலிருந்து வெளியே ஒவ்வொரு படியாகப் போங்கள்.

முதல் படி: ரிக், மீட்டர், சிவப்பு டேப் பேட்ச் கேபிள், டம்மி லோட். 1.1 அல்லது அதற்கு அருகில் வர வேண்டும். வரவில்லையென்றால் மீட்டரை எடுத்துவிட்டு, டம்மி லோடை ரிக்கிலேயே நேராக மாட்டி, ரிக்கின் சொந்த மீட்டரைப் பாருங்கள். பல நேரம் மீட்டரின் சாக்கெட்டே தளர்ந்திருக்கும்.

இரண்டாவது படி: டம்மி லோடை மாடிக்குக் கொண்டுபோய், ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் அந்த முனையில் மாட்டுங்கள். இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் கேபிளோ அதன் இரண்டு கனெக்டர்களோதான். இறங்கினால் கேபிளைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு ஆன்டெனாவில் கேபிள் சேரும் ஊட்டு முனையைப் பாருங்கள். அங்கே உள்ள சாக்கெட், பேலன் (கேபிளையும் ஆன்டெனாவையும் இணைக்கும் சுருள்), திருகாணி, அறுந்த கம்பி.

இந்த இடத்தில் பலர் மல்டிமீட்டரால் ஏமாறுவார்கள். ஆன்டெனா மாட்டியபடியே நடுவுக்கும் பிரெய்டுக்கும் மீட்டர் வைத்து, “ஷார்ட் ஆயிருச்சு” என்று கேபிளை வெட்டிவிடுவார்கள். ஜே-போல், ஃபோல்டட் டைபோல் வகை ஆன்டெனாக்கள், பல பேலன்கள் எல்லாம் மல்டிமீட்டருக்கு ஷார்ட்டாகத்தான் தெரியும், அது அவற்றின் இயல்பு. சாதாரண டைபோல் பேலன் இல்லாமல் இருந்தால் திறந்ததாகத் தெரியும். அதனால் இரண்டு முனையையும் கழற்றிவிட்டுத்தான் கேபிளை அளக்க வேண்டும்.

கேபிள்தான் கோளாறு என்று முடிவானால், எந்த முனை என்று கண்டுபிடிக்க கெப்பாசிட்டன்ஸ் அளவைப் போல எளிய வழி இல்லை. ஆர்.ஜி.58, அதைவிடத் தடித்த ஆர்.ஜி.213 இரண்டுமே ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபேரட். இரண்டு முனையும் திறந்திருக்க, 30 மீட்டர் கேபிள் 3 நானோஃபேரட் காட்ட வேண்டும்.

- இந்த முனையில் அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அந்த முனையில் அளந்தால் 3 நானோ: இந்த முனைக் கனெக்டருக்குள் அறுந்திருக்கிறது.
- இந்த முனையில் 1.2, அந்த முனையில் 1.8: இங்கிருந்து 12 மீட்டர் தூரத்தில் அறுந்திருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். எலிப் பல்லோ, ஜன்னல் சட்டத்தில் நசுங்கியதோ இருக்கும்.
- எண்ணே நிற்காமல் ஓடுகிறது, அல்லது மீட்டர் அளக்க மறுக்கிறது: நடுவும் பிரெய்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது உள்ளே தண்ணீர்.

நுரைக் காப்புள்ள கேபிள்களுக்கு மீட்டருக்கு 80 பிக்கோஃபேரட் என்று கணக்குப் போடுங்கள்.

அறிகுறி: மழை பெய்தால், பனி இறங்கினால் மட்டும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். வடகிழக்குப் பருவத்தில் மேகமே தோட்டத்துக்குள் இறங்கி நாள் முழுவதும் நிற்கும். மழையே பெய்யாவிட்டாலும் கனெக்டர் நனையும். பி.எல்.259-இல் தண்ணீரைத் தடுக்கும் வளையம் எதுவும் கிடையாது. அதோடு கனெக்டர் மூச்சு விடும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். சாயங்காலம் பனி பட்டுக் குளிரும்போது வெளியே உள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். தினம் ஒரு சொட்டு என்றாலும் ஒரு மாதத்தில் போதும். உள்ளே போன நீரைப் பிரெய்டு விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டே போகும்.

சோதனை இது. இரண்டு முனையையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை மெகாஓம் நிலையில் வைத்து, நடுவுக்கும் பிரெய்டுக்கும் அளங்கள். நல்ல கேபிளில் எண்ணே வரக் கூடாது, திறந்த நிலைதான் தெரிய வேண்டும். சில மெகாஓம், சில நூறு கிலோஓம் என்று வந்தால் ஈரம். காலைப் பனியில் ஒருமுறை, மதியம் வெயில் ஏறியதும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் வேறு வேறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

*ஈரம் கனெக்டருக்குள் மட்டும் என்றால்* கழற்றி, ஆல்கஹாலால் கழுவி, தலைமுடி உலர்த்தும் டிரையரால் காயவைத்து, மறுபடி மாட்டி மூடினால் போதும்.

*பிரெய்டுக்குள் போயிருந்தால்* காயவைக்க முடியாது. கனெக்டரை வெட்டி, மேல்தோலைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருக்க வேண்டும். கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் ஒரு முழம் ஒரு முழமாக வெட்டிக்கொண்டே வாருங்கள், பளபளப்பு வரும்வரை. ஒரு மீட்டரைத் தாண்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்தக் கேபிளை விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, எனக்கும் கேட்டதில்லை, ஆனால் அப்படி விட்டுவைத்த கேபிள் எதுவும் அடுத்த மழைக்கு உதவவில்லை.

மூடும் முறைதான் இதில் பாதி வேலை. தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் டேப் வாங்குங்கள். அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கீழே கேபிளிலிருந்து தொடங்கி மேலே ஏறிச் சுற்றுங்கள். ஓடு வேய்வதுபோல, மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிய வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வழிந்து போகும். அதன்மேல் வெயிலுக்காகச் சாதாரண பி.வி.சி. டேப், அதையும் கீழிருந்து மேலாக. சேலத்தில் வெறும் பி.வி.சி. டேப் மட்டும் சுற்றினால் ஒரு கோடைகூடத் தாங்காது. எம்-சீல் போட்டால் தண்ணீர் போகாது, ஆனால் அடுத்த முறை கனெக்டரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். புளித்த வாசனை அடிக்கும் சிலிக்கான் பசையைச் செம்பின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதிலிருந்து வரும் அமிலமே செம்பை அரிக்கும்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். இல்லையென்றால் கூரையில் விழுந்த மழை கேபிள் வழியாகவே ரிக்கின் பின்னால் வந்து சேரும்.

அறிகுறி: எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

இந்த அறிகுறிதான் ஆட்களை அதிக நாள் அலைக்கழிக்கும். மீட்டர் 1.2 காட்டுகிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கே சரளமாகப் போகாது.

நனைந்த கேபிள் நம் பவரைத் தின்றுவிடும். ஆன்டெனாவில் பட்டுத் திரும்பி வரும் பவரையும் தின்றுவிடும். திரும்பி வருவது குறைந்தால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். கேபிளில் 6 டெசிபல் இழப்பு (பவரில் கால் பங்குதான் மிஞ்சும்) இருந்தால், மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.7-க்கு அருகில்தான் நிற்கும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். ‘தானாகவே நன்றாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் கேபிளைத்தான் முதலில் பார்ப்பேன்.

கண்டுபிடிக்க: மீட்டரை ரிக் பக்கம் வைத்து, மறுமுனையில் டம்மி லோட் மாட்டி, 145 மெகாஹெர்ட்ஸில் பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரைக் கேபிளின் மறுமுனைக்கும் டம்மி லோடுக்கும் நடுவே மாற்றி, அங்கே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். கீழே ஒருவர் பி.டி.டி. அழுத்த, மேலே ஒருவர் படிக்க வேண்டும். 30 மீட்டர் ஆர்.ஜி.58 நன்றாக இருந்தாலே இந்த அலைவரிசையில் 5, 6 டெசிபலைத் தின்னும். 25 வாட் போட்டால் மேலே 6 முதல் 8 வாட்தான். அதற்கும் கீழே, 2 வாட், 3 வாட் என்று வந்தால் கேபிள் போய்விட்டது. அதே நீளம் ஆர்.ஜி.213 என்றால் இழப்பு 3 டெசிபலுக்குள் நிற்கும், பாதிக்கு மேல் பவர் மேலே போய்ச் சேரும். மாடி உயரம் அதிகமாக இருந்தால் கனெக்டரை மாற்றிக்கொண்டிருப்பதைவிட அந்தக் கேபிளுக்குச் செலவு செய்வது நல்லது.

நானோ வி.என்.ஏ. இருந்தால் பி.டி.டி. அழுத்தவே வேண்டாம். மறுமுனையைத் திறந்து விட்டு 7 மெகாஹெர்ட்ஸில் அளங்கள். 30 மீட்டர் நல்ல ஆர்.ஜி.58 என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். 5-க்கு மேல் காட்ட வேண்டும். 3-க்குக் கீழே காட்டினால் கேபிள் தின்கிறது. இந்த ஒரு சோதனையில் மட்டும் அதிகமான எண்தான் நல்லது.

435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவர்களுக்கு: பி.எல்.259-ஐ ‘யு.எச்.எஃப். கனெக்டர்’ என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். அது 1930-களில் வந்தது. அன்று 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதையெல்லாம் அப்படித்தான் அழைத்தார்கள். அந்த அலைவரிசைக்கு என்-டைப் போடுங்கள். அதில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமும் இருக்கிறது.

அறிகுறி: கைக்கருவியில் ஆன்டெனா தளர்ந்து சுழல்கிறது, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது

கைக்கருவிகளில் இருப்பது எஸ்.எம்.ஏ. கனெக்டர். முதலில் ஆன்டெனாவைக் கழற்றி இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் ஓட்டை இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டையாக இருந்தால், வாங்கிய ஆன்டெனா வை-ஃபை ரவுட்டருக்கானது. மரை சரியாக ஏறும், இறுகும், நடுவில் எதுவும் தொடாது. இப்படி மாட்டிக்கொண்டு “மலையிலிருந்துகூட யாரும் பதில் சொல்லவில்லை” என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி வளைந்திருந்தால் மெல்லிய சாமணத்தால் ஒரே தடவையில் நேராக்குங்கள், திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். ஆன்டெனாவைக் கைப்பிடி போலப் பிடித்து ரேடியோவைத் தூக்குவதும், காரின்மேல் உள்ள தடித்த கேபிளை நேராக எஸ்.எம்.ஏ.-யில் மாட்டுவதும்தான் இந்தக் கனெக்டரைக் கொல்கின்றன. மெல்லிய, வளையக்கூடிய சின்ன கேபிள் ஒன்றை நடுவில் போடுங்கள்.

ஆன்டெனாவோடு ரேடியோவின் மரைப்பகுதியும் சேர்ந்து சுழன்றால் அதற்கு மேல் திருகாதீர்கள். உள்ளே போர்டில் ஈயம் விட்டிருக்கிறது. அது சர்வீஸ் வேலை.

அறிகுறி: பேசும்போது மைக் உதட்டைக் கடிக்கிறது, பக்கத்துக் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது

பிரெய்டு எங்கோ பிடிக்கவில்லை. நடு மட்டும் தொடர்ந்து, பிரெய்டு விட்டுப்போனால் கேபிளின் வெளிப்புறமே ஆன்டெனா ஆகி, பவர் அறைக்குள் திரும்பி வரும். உடனே பேசுவதை நிறுத்தி, மேலே சொன்ன டம்மி லோட், மல்டிமீட்டர் சோதனையைப் பிரெய்டை மனதில் வைத்துச் செய்யுங்கள். கிரிம்ப் வகைப் பிளக் என்றால் சரியான அளவு அச்சு இல்லாமல் சாதாரணக் குறடால் நசுக்கியிருப்பார்கள். அதை வெட்டிவிட்டு மறுபடி போட வேண்டும்.

அறிகுறி: கனெக்டர் சூடாகிறது

ஒரு நிமிடம் பேசி, பி.டி.டி.-யை விட்ட பிறகு ஒவ்வொரு கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். எது மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ அதில் தொடுதல் சரியில்லை. வெட்டிப் புதிதாகப் போடுங்கள், யோசிக்க வேண்டாம். சாக்கெட்டின் நடுவே பழுப்பாகக் கருகியிருந்தால் சாக்கெட்டும் மாற வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

டம்மி லோடை ரிக்கிலேயே நேராக மாட்டியும் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால், அல்லது பவரே வரவில்லையென்றால். ரிக்கின் சாக்கெட் தன் இடத்திலேயே சுழன்றால். பக்கத்தில் இடி விழுந்த பிறகு என்றால் கேபிள் நன்றாகத் தெரிந்தாலும்கூட, மாட்டுவதற்கு முன் காட்டிவிடுங்கள். ரிக்கின் மூடியைத் திறந்து சாக்கெட்டை மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அரைமணி வேலைதான். ஆனால் அவுட்புட் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் அயர்ன் நழுவினால் கனெக்டர் விலையைப்போலப் பல மடங்கு போய்விடும்.

இன்னொரு வகை வேலையை ஹாம் நண்பர்களிடம்கூட ஒப்படைக்காதீர்கள். கோபுரத்தின் மேலோ உயரமான மரத்திலோ ஏற வேண்டியிருந்தால், பாதுகாப்புக் கயிறோடு ஏறிப் பழகிய ஆள் வேண்டும். ஆன்டெனாவோ கம்பமோ சாய்ந்தால் மின்கம்பியைத் தொடும் தூரத்தில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் அதைத் தொடவே கூடாது.

ரிக்கை அனுப்பும்போது வெறும் ரிக்கை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் பயன்படுத்திய பேட்ச் கேபிளையும் கூடவே வையுங்கள். எந்த அலைவரிசையில், எத்தனை வாட்டில், டம்மி லோடில் என்ன எண் வந்தது, நேராக மாட்டினால் என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். கனெக்டர் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புங்கள்.